இலை வட்டு மிதவை: வெறுந்தண்ணீர்க் குவளை ஒருவழியாக மூழ்கியே கிடந்தது

கீரை இலையில் பஞ்ச் போட்டு எடுத்த வட்டுகளின் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி மூழ்கடித்துவிட்டால், வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை விடும் ஆக்சிஜன் அவற்றை மறுபடி மிதக்க வைக்கும். அதுதான் இந்தச் சோதனை. அதற்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடைச் சமையல் சோடாவின் பைகார்பனேட் தரும், ஒப்பிட ஒரு குவளை வெறுந்தண்ணீர். இந்தச் சுற்றில் வெறுந்தண்ணீரில் போட்ட பத்து வட்டுகளும் அரை மணி நேரம் அடியை விட்டு அசையவில்லை. சோடா கரைசலில் போட்டவை மட்டும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முந்தைய சுற்றுகளிலெல்லாம் இரண்டு குவளையும் போட்டி போட்டுக்கொண்டு மிதந்தன. அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வைத்த மூன்றாவது குவளைகூட மிதந்தது! இருட்டில் மிதக்கும் வட்டைத் தூக்குவது ஒளிச்சேர்க்கை அல்ல, வெறும் காற்றுக் குமிழி.

காரணம் ஒன்றல்ல, இரண்டு. குழாயில் அப்போதே பிடித்த குளிர்ந்த தண்ணீர், அறை வெப்பத்துக்கு ஏற ஏறத் தன்னுள் கரைந்திருந்த காற்றை வெளியே விடும். வட்டின் வெட்டு விளிம்பு குமிழி ஒட்டிக்கொள்ளத் தோதான இடம். தண்ணீரை முந்தைய நாளே அகலப் பாத்திரத்தில் பிடித்து வைத்ததும் இருட்டுக் குவளை அடங்கிவிட்டது. ஆனால் வெளிச்சத்தில் இருந்த வெறுந்தண்ணீர் வட்டுகள் மெதுவாகவேனும் மிதந்துகொண்டுதான் இருந்தன. கடினத் தண்ணீரில் பைகார்பனேட் இயல்பாகவே உண்டு. 'கார்பன் டை ஆக்சைடு இல்லாத' குவளை என்று பெயர்தான். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீருக்கு மாறிய பிறகே அதுவும் அடங்கியது. வாங்கும்போது அமிலம் கலந்ததை எடுத்துவிட வேண்டாம், லேபிளைப் படிக்கவும்.

கரைசல் வழக்கமான 0.2% தான்: ஒரு லிட்டருக்கு 2 கிராம் சமையல் சோடா. பேக்கிங் பவுடர் கூடவே கூடாது. அதிலுள்ள அமிலம் தண்ணீர் பட்டதும் நுரைத்து, வட்டைப் பொய்யாகத் தூக்கிவிடும். சோடாவைச் சூடான தண்ணீரிலும் கரைக்க வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய்ப் பைகார்பனேட்டில் ஒரு பகுதி கார்பனேட்டாகிவிடும்.

இனி சிரிஞ்ச். பாதித் தோல்விகள் இங்கேதான். 20 மில்லி, ஊசி வேண்டாம். பத்து வட்டுகள், 5 மில்லி கரைசல். பிளஞ்சரைத் தள்ளி உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகு முனையை விரலால் அடைத்து இழுக்கவும். காற்று மிச்சமிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் போதிய வெற்றிடம் உண்டாகாது. பத்து நொடி அப்படியே பிடித்துக் குலுக்கினால் வட்டுகளிலிருந்து பொடிக் குமிழிகள் கிளம்பும். பலர் அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இழுக்கும்போது காற்றுதான் வெளியேறுகிறது. கரைசல் இலைக்குள் புகுவது பிளஞ்சரை விடும்போது. புகுந்ததற்கு அடையாளம் நிறம்: எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி வட்டு கரும்பச்சையாக, ஒளி ஊடுருவும்படி மாறும். வெளிர்பச்சைத் திட்டு தெரிந்தால் இன்னொரு முறை. மூன்று முறைக்கு மேல் போனால் செல்கள் நசுங்கி, எந்த வெளிச்சத்திலும் எழாத வட்டுகள்தான் மிஞ்சும். இலை நன்றாக நனையக் கரைசலில் திரவச் சோப்பு, 300 மில்லிக்கு ஒரு சொட்டு, நுரை வராமல். இன்னொன்று: வெறுந்தண்ணீர்க் குவளைக்கான வட்டுகளைச் சோப்பு கலந்த வடிநீரிலேயே மூழ்கடிக்க வேண்டும். சோடா கரைசலில் மூழ்கடித்துவிட்டுக் குவளையை மட்டும் மாற்றினால், இலை தன் தீனியைக் கையோடு கொண்டுபோய்விடும்.

இலைக்குள் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீரால் நிரம்பியதும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். தண்ணீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. வெளிவரும் ஆக்சிஜன் தண்ணீர் மூலக்கூறிலிருந்து வருகிறது, உண்மைதான். ஆனாலும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள மறுமுனையில் கார்பன் டை ஆக்சைடு இல்லாவிட்டால் அந்த வேலையும் நின்றுபோகும்.

ஐந்தாவது வட்டு எழும் நேரத்தைக் குறித்து, 1-ஐ அதனால் வகுத்து வேகமாக எடுத்துக்கொண்டேன். எண்ணும் முன் நிமிடத்துக்கு ஒரு முறை குவளையை மெல்லச் சுழற்றவும். சுவரில் ஒட்டிய வட்டு கணக்கைக் கெடுக்கும். விளக்கு 60 செ.மீ.யில் இருந்தபோது சோடாவை 0.1%-லிருந்து 0.2%-க்கு ஏற்றியும் பெரிய மாற்றமில்லை. 15 செ.மீ.க்குக் கொண்டுவந்ததும் அதே ஏற்றம் நன்றாகத் தெரிந்தது. தாவரவியலாளர் பிளாக்மன் 1905-லேயே சொன்னதுதான்: பற்றாக்குறையாக இருக்கும் காரணிதான் வேகத்தைத் தீர்மானிக்கும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்கு என்ற கணக்கு ஒற்றை பல்புக்குச் சரி. அகலமான எல்இடி பலகைக்கு அருகில் ஒத்துவராது, லக்ஸ் மீட்டர் வைத்தே அளக்க வேண்டும். சூடாகும் விளக்கென்றால் இடையில் ஒரு கண்ணாடித் தொட்டித் தண்ணீர்.

0.05% வரிசை இன்னும் பாக்கி. அதற்குள் கை அடுத்ததற்குப் போய்விட்டது. இதுவரை எல்லாம் பாலக்கீரை, சி3 வகை (சி3, சி4 என்பவை செடிகள் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் இரு முறைகள்). தண்டுக்கீரை சி4, கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். இரண்டையும் நீர்த்த கரைசலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தண்டுக்கீரையின் நடுநரம்பைத் தவிர்த்துப் பஞ்ச் போடுவதுதான் இப்போதைய தலைவலி.