முகப்பு மாடியில் ஏழு நாள்

எங்கள் பங்காளிகளில் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா. கொரோனாக் காலத்தில் அவர்கள் காரைக்குடிக்கு வருவதென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக அரசு வைத்திருந்த ஏர் சுவிதா இணையப் படிவத்தை நிரப்பும் வேலை என் தலையில்தான் விழும். பாஸ்போர்ட் பிரதி, புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் முடிவு எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அது பெரிய விஷயமில்லை. விதி நின்ற இடத்தில் நிற்காது, அதுதான் தலைவலி.

2022 ஜனவரியில் ஆச்சி, அதாவது என் அக்காள், சிங்கப்பூரிலிருந்து வந்தார். அப்போதுதான், 11ஆம் தேதி முதல், எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் மறுபடி பரிசோதனை என்று அறிவித்திருந்தார்கள்.

"நம்ம வீட்டில் அறைக்கா பஞ்சம்?" என்றார் அப்பச்சி, அதாவது என் அப்பா. வாஸ்தவம்தான். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான மகன் குடும்பத்துக்கும்) ஓர் அறை, பாதி அறைகள் வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். ஆனால் தனிமைக்குக் காற்றோட்டமான அறை வேண்டும், கூடவே கழிப்பறையும் இருந்தால் நல்லது. எங்கள் வளவு அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. சீர்ச் சாமானைப் பத்திரமாக வைக்கக் கட்டியவை, காற்றுக்கு அங்கே என்ன வேலை? கழிப்பறையோ இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிக் கொல்லையில். போய்த் திரும்புவதற்குள் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்துவிடலாம்.

கடைசியில் முகப்பு மாடி அறையைத் திறந்தோம். பேரப்பிள்ளைகள் முகம் சுளிக்கக் கூடாதென்று அப்பச்சி பாத்ரூம் சேர்த்துக் கட்டிய அறை. ஆத்தா மாடிப்படியில் முக்காலி போட்டு, தூக்கை வைத்துவிட்டு, "எடுத்துக்கடி" என்று குரல் கொடுத்து இறங்கிவிடுவார். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் என்று வேளை தவறாமல் ஏறியது. தெருவில் போகிறவர்கள் நின்று, "எப்ப வந்தீக? ஏன் மேலயே நிக்கிறீக?" என்று கேட்க, ஆச்சி மாஸ்க்கோடு ஜன்னலிலிருந்து பதில் சொல்வார். தனிமை என்றுதான் பேர், ஊர்க்கதை ஒன்றும் தப்பவில்லை.

பரிசோதனை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 14 முதல் தனிமை வேண்டாம், 14 நாள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே கவனித்துக்கொண்டால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். நவம்பரில் ஏர் சுவிதாவும் போனது. அப்பாடா என்று உட்கார்ந்தால், 2023 ஜனவரி 1 முதல் சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் மறுபடி ஆர்டி-பிசிஆர்! தை மாதக் கல்யாணம் ஒன்றுக்குச் சிங்கப்பூர் அண்ணன் பரிசோதனை முடிவோடு வந்தார், கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சியில் இறங்கிய சித்தப்பா கைவீசிக்கொண்டு வந்தார். பிப்ரவரி 13 முதல் அதுவும் இல்லை.

அதனால் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: டிக்கெட் போட்ட அன்றைய விதியைப் பார்க்காதீர்கள், இறங்கும் தேதிக்கு என்ன விதி என்று புறப்படும் வாரத்தில் பாருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் பழைய சுற்றறிக்கையை நம்பவே வேண்டாம்.

அப்புறம், ஆப்பிரிக்காப் பக்கம் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. மஞ்சள் காய்ச்சல் விதி கொரோனாவுக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்நோய் உள்ள நாட்டிலிருந்து வந்தால் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அது செல்லும். இல்லையென்றால் ஆறு நாள் வரை அரசு சொல்லும் இடத்தில் தனியாக இருக்க வேண்டும், வீட்டுக்கு விடமாட்டார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். அட்டையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கவுன்டரில் நின்று தேடாதீர்கள்.