தம்பியின் கடிதம் இல்லாமல் ஒரு பெர்மிட்

அப்பாவின் பெயரில் இருந்த பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி, இப்போது என் பெயரில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயல். பெரிய சொத்தில்லை. ஆனாலும் கடையிலோ கோயிலிலோ வயல் வட்டைக்குப் போகும் வழியிலோ யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை: "தம்பி எழுதித் தந்துட்டாரா புள்ள?" காணியை எனக்கு விட்டுக்கொடுப்பதாகத் தம்பி எழுதித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அப்படி ஒரு கடிதம் இல்லாமலே மாற்றலாம் என்பது எங்கள் பக்கம் நிறையப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

அந்த வயலைத் திருத்தியவர் அம்மாவின் அப்பா. காடு வெட்டி, வேர் பிடுங்கி, வரம்பு கட்டியதெல்லாம் அவர்தான். அப்பா மட்டக்களப்பு வழக்கப்படி கலியாணம் முடித்து அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். 1980களில் காணி பங்கிடும் விசாரணையான காணிக் கச்சேரி வைத்துப் பெர்மிட் கொடுத்தபோது, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினார்கள். அம்மாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பேப்பர் யார் பெயரில் இருந்தால் என்ன, வயலில் இறங்குவது நாம்தானே என்று இருந்துவிட்டார்.

எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனம், ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டப்படி ஒரு மனைவி தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. "அப்ப உங்கட ஊர்ப் பெண்களுக்குப் பிரச்சினையே இல்லை" என்று யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி சொல்வாள். அவ்வளவு இலேசில்லை. குடி தாய்வழி வந்தாலும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஆண்தான். வீடு மனைவி பெயரில் இருந்தாலும் அதை ஈடு வைப்பதா வேண்டாமா என்று பேசி முடிப்பவர் பெரும்பாலும் கணவன்தான். இருந்தாலும் உறுதிப் பத்திரத்தில் பெயராவது எங்களுடையதாக இருந்தது. அரச காணி என்று வந்ததும் அதுவும் போய்விட்டது.

இந்தப் பெர்மிட்களுக்கு அடிப்படையான காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. டி. எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்த காலம். பக்கத்து அம்பாறையில் கல்லோயாக் குடியேற்றம் நடந்ததும் இதே சட்டத்தை வைத்துத்தான். அதன் கடைசியில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. பெர்மிட்காரர் பின்னுரித்தாளர் யார் என்று எழுதி வைக்காமல் இறந்தால் காணி யாருக்குப் போகும் என்ற வரிசை அது. 2022 வரை அதில் முதலில் மகன்மார், அவர்கள் இல்லாவிட்டால் மகள்மார். பேரன்மார், அதன் பிறகு பேத்திமார். தகப்பன், தாய், சகோதரன், சகோதரி என்று கீழே உடன்பிறந்தாரின் பிள்ளைகள் வரைக்கும் ஒவ்வொரு படியிலும் ஆண் முன்னே, பெண் பின்னே. மூத்தவருக்கு முதலிடம் என்பதும் ஒரே படிக்குள் மட்டும்தான். நாற்பது வயது மகள் வயலில் நின்று உழைத்துக்கொண்டிருந்தாலும் இருபது வயதுத் தம்பி அவளுக்கு முன்னால் நிற்பான்.

அப்பா உயிரோடு இருக்கும்போது "வயல் மூத்தவளுக்கு" என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. பின்னுரித்தாளர் பெயரைப் படிவத்தில் எழுதி, காணிப் பதிவகத்தில் அவர் இறப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். அவர் 2016இல் இறந்தபோது அப்படி ஒரு படிவமே இருக்கவில்லை.

அப்போது காணி அம்மாவுக்கு வந்தது. இதில் ஒரு சிக்கலும் வரவில்லை, சட்டம் முதலில் வாழ்க்கைத்துணைக்குத்தான் கொடுக்கிறது. ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும். அம்மா அந்தப் பெரும்போகமே விதைத்தார். ஆனால் அந்த உரிமை அவர் ஆயுளுக்கு மட்டும்தான். விற்க முடியாது, அடுத்தவர் யார் என்று அவர் எழுதி வைக்கவும் முடியாது. மறுமணம் செய்தால் காணி கைவிட்டுப் போகும். கிராம அலுவலரான ஜீஎஸ் இதை வாசித்துக் காட்டியபோது அறுபது கடந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இனி ஆரை நான் முடிக்கப்போறன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யுத்தம் முடிந்த அடுத்த வருடம், 2010இல், அரசாங்கத் தரப்பே சொன்ன கணக்கு வடக்கு கிழக்கில் 89,000 கைம்பெண்கள், அதில் கிழக்கில் மட்டும் 49,000. அவர்களில் முப்பது வயதுப் பெண்கள் எத்தனை பேர்! வயல் வேண்டுமா வாழ்க்கை வேண்டுமா என்று ஒரு சட்டம் அவர்களிடம் கேட்கிறது. வாழ்க்கைத்துணை என்று பொதுவாகத்தானே எழுதியிருக்கிறது, ஆணுக்கும் அது பொருந்தும்தானே என்று சிலர் சொல்வார்கள். பொருந்தும், சரி. பெர்மிட் முழுக்க ஆண் பெயரில் இருக்கும் ஊரில் அந்த வரி யார் தலையில் விழும்?

அம்மா 2023இல் தவறினார். அதற்குப் பிறகுதான் என் அலைச்சல் தொடங்கியது.

முதல் தொல்லை பெர்மிட்டே கையில் இல்லாதது. 2007இல் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து வாவிக்கு இந்தப் பக்கம் வந்தபோது எத்தனையோ வீட்டுப் பேப்பர்கள் போயின, எங்கள் பெர்மிட்டும் அதோடு போனது. மூலம் தொலைந்தாலும் பிரதேச செயலகத்துக் காணி லெட்ஜரில் பதிவு இருக்கும், அதன் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். மற்றவை எல்லோரும் கொண்டுபோகும் பத்திரங்கள்தான்: அப்பா அம்மா இருவரின் மரணச் சான்றிதழ், அவர்களின் விவாகச் சான்றிதழ், எங்கள் மூன்று பேரின் பிறப்புச் சான்றிதழ், ஜீஎஸ்ஸின் உறுதிப்படுத்தல். எங்கள் பக்கம் கோயிலில் தாலி கட்டி, பதியாமல் விட்ட கலியாணங்கள் அதிகம். நல்லவேளை, அம்மா அப்பா பதிந்திருந்தார்கள்.

அலுவலகத்தில் காணிப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண். என்னைவிட இளையவர், மரியாதையாகத்தான் பேசினார். பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"ஆம்பிளப் புள்ள இருக்கிறாரா அக்கா?"

"தம்பி ஒராள், கட்டார்ல."

"அப்ப அவர் விட்டுக்கொடுக்கிறாரெண்டு ஒரு சத்தியக்கடதாசி போட்டு அனுப்பச் சொல்லுங்க. அது வந்தாச் சரி, உங்கட பேருக்கு மாத்திரலாம்."

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். உதவி செய்வதாக நினைத்துத்தான் அவர் சொன்னார், நிறையப் பேர் அப்படியே செய்து முடித்துமிருக்கிறார்கள். ஆனால் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நடந்த ஒரு சட்ட விளக்கக் கூட்டத்தில், 2022இல் நாடாளுமன்றம் அந்த மூன்றாம் அட்டவணையைத் திருத்திவிட்டது என்று கேட்டிருந்தேன். ஆண், பெண் என்ற வரிசை போய்விட்டது. பிள்ளைகளில் மூத்தவர் யாரோ அவர்தான் முதல். அம்மா இறந்தது திருத்தத்துக்குப் பிறகு. மூத்தவள் நான். அப்படியிருக்க, தம்பியிடம் இல்லாத ஒன்றை அவன் எப்படி எனக்கு விட்டுக்கொடுப்பான்?

இதை அந்தப் பெண்ணிடமே சொன்னேன். "எங்களுக்கு இன்னும் சேக்குலர் வரல்லக்கா" என்றார், சுற்றறிக்கையைத்தான் அப்படிச் சொன்னார்.

சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தேன். வசதி குறைந்தவர்களுக்கு அவர்கள் பணம் வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள். நான் போனது ஒரு கடிதம் எழுதிக்கொள்ள, ஆனால் அவர் சொல்லித் தந்தது அதற்கு மேலே. பால் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. அப்படியென்றால் இந்த அட்டவணை இத்தனை காலம் எப்படித் தப்பியது என்று கேட்டேன். 16ஆம் உறுப்புரையைக் காட்டினார். 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது, அந்த அட்டவணைக்குக் கை வைத்தது 2022இல். இந்த இடைவெளியில் எங்கள் பக்கம் எத்தனை வயல் கைமாறியிருக்கும் என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

அவர் சொன்னபடி இரண்டு வேலை செய்தேன். முதலாவது, திருத்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையதளத்தில் சட்டங்கள் மூன்று மொழியிலும் கிடக்கின்றன. ஊரிலுள்ள கொமினிகேஷன் கடையில் அதைப் பிரிண்ட் எடுத்தேன். இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு உதவும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி தர வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். நான் கேட்டது எங்கள் காணியின் லெட்ஜர் பக்கத்தின் பிரதியும், ஒரேயொரு கேள்வியும்: மூத்த பிள்ளை பெண்ணாக இருந்தால் அவளுடைய தம்பியிடம் சத்தியக்கடதாசி வாங்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையில், எந்தப் பிரிவில் இருக்கிறது?

பதில் உரிய காலத்துக்குள் வரவில்லை. மேன்முறையீடு எழுதப் பேனாவை எடுத்த நேரத்தில் வந்தது. லெட்ஜர் பிரதியோடு ஒரு வரி: அவ்வாறான சுற்றறிக்கை எதுவும் இல்லை. அந்தப் பேப்பரை என் விண்ணப்பத்தின் மேலே குத்திக் கொடுத்தேன்.

இதற்கிடையில் வீட்டுக்குள்ளே ஒரு பிரச்சினை. தம்பி நல்லவன். போன் எடுத்து, "அக்கா, எங்க சைன் வைக்கணும் சொல்லுங்க, நான் எம்பசிக்குப் போய் வெச்சு அனுப்புறன்" என்றான். வேண்டாம் என்றதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டான்.

"அப்ப நான் ஆரு உங்களுக்கு?"

"நீ எனக்குத் தம்பி. காணிக்கு நீ ஒண்டுமில்ல."

கொஞ்ச நாள் பேசவே இல்லை. பெரியம்மா ஒருவர் வந்து, "அந்தப் புள்ள தாறனெண்டு நிக்குது, உனக்கேன் கா இந்த வீம்பு?" என்று ஏசினார். வீம்பில்லை. தம்பி விட்டுக்கொடுத்ததாக ஒரு கடிதம் கோப்பில் கிடந்தால், காணி அவனுடையதாக இருந்தது என்று நானே கையெழுத்து வைத்த மாதிரி. நாளைக்கு அவன் பிள்ளைகள் வந்து அந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினால் நான் என்ன சொல்வது? அவன் ஆரையம்பதியில் கலியாணம் முடித்தவன், மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருப்பவன். பழைய சட்டப்படி எங்கள் தாத்தா வெட்டிய வயல் அந்த வீட்டுக்கல்லவா போயிருக்கும்! இதைச் சொன்னபோதுதான் தம்பிக்கு விளங்கியது. அவன் மாமனாரின் பெர்மிட் யார் பெயருக்குப் போகும் என்று மறுகா அவனே விசாரிக்கத் தொடங்கினான், அது வேறு கதை.

வயலில் விசாரணைக்கு வந்தார்கள். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் வட்டவிதானையாரும் நின்றார். விவசாயக் கூட்டத்துக்கு நான் போகும்போதெல்லாம் "உங்கட வீட்டு ஆம்பிளைய அனுப்புங்களன்" என்று சொல்கிற மனுஷன் அவர். என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயம். "இந்தப் பூமிய இவதான் சேர் செய்யிறா, தண்ணி கட்ட ராவையிலயும் வருவா" என்றார். நான் ஏக்கர் வரி ரசீதுகள், உழவு மிஷின்காரரின் துண்டுகள், கமநல சேவை நிலையத்துப் பேப்பர்கள் எல்லாவற்றையும் ஒரு ஷொப்பிங் பையில் சேர்த்து வைத்திருந்தேன். காணியை யார் செய்கிறார்கள் என்று காட்ட அவைதான் கைகொடுத்தன. ரசீது எதையும் எறியாதீர்கள்.

பெயர் மாறி வந்த நாளில் காணிப் பிரிவுப் பெண் அந்தத் திருத்தச் சட்டப் பிரதியைத் திருப்பித் தரவில்லை. தனக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

புதிய சட்டம் எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மூத்தவருக்கு முதலிடம் என்றால் இளையவளின் பங்கு என்னாவது? எங்கள் வீட்டில் தங்கச்சிக்கு அம்மாவின் வீடு சீதன உறுதியாகப் போயிருந்ததால் அவள் வாய் திறக்கவில்லை. வீடு கொடுக்க வழியில்லாமல் இரண்டு ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் குடும்பத்தில் என்ன செய்வார்கள்? இப்போது காணி கிடைப்பது பெண்ணுக்கா ஆணுக்கா என்பதைப் பிறந்த வருடம் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான்.

இது என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அப்பா விட்ட பிழையை நான் விடக்கூடாது என்று கையோடு பின்னுரித்தாளர் படிவத்தை நிரப்பினேன். எனக்கு மூத்தவன் மகன். நான் ஒன்றும் எழுதாமல் விட்டால் புதிய சட்டப்படி வயல் அவனுக்கு. மகளின் பெயரை எழுதினேன், அம்மாவழி வந்த பூமி அம்மாவழியே போகட்டும் என்று. படிவத்தைப் பார்த்துவிட்டு மகன் கேட்டான்: "நீங்க மூத்தவ எண்டுதானேம்மா சண்டை பிடிச்சீங்க? நான்தானே மூத்தவன்?" அவனுக்கு ஒழுங்கான பதில் இன்னும் என்னிடம் இல்லை. படிவம் காணிப் பதிவகத்தில் பதிவாகிவிட்டது. வேண்டுமென்றால் நான் உயிரோடு இருக்கும் வரை மாற்றலாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.