சாட்ஸ்வொர்த் (தென்னாப்பிரிக்கா, டர்பன்) குறிப்புகள்: முதல் பள்ளித் தவணை

3 பிப்ரவரி 2025, திங்கள்
பள்ளி திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. புது வகுப்பில் யார் பெரியவன் என்று பிள்ளைகள் முடிவுகட்டுவது இப்போதுதான். எல்லாக் கிண்டலும் புல்லியிங் (சக பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது) ஆகாது. நார்வேயின் உளவியலாளர் டான் ஓல்வியஸ் வகுத்த மூன்று அடையாளங்கள் இன்றும் உதவுகின்றன: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. பலம் என்றால் உடம்பு மட்டுமல்ல. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பின் அட்மினும் பலசாலிதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியது: வந்ததும் பையைப் போட்டுவிட்டு நேராகக் கழிப்பறைக்கு ஓடும் பிள்ளை. பள்ளிக் கழிப்பறையில் ஆசிரியர் கண் படாது. பயந்த பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும். டக் ஷாப்புக்கு (பள்ளித் தின்பண்டக் கடைக்கு) கொடுத்த 10 ரேண்டும் செலவாகி, பசியோடும் வந்தால் அந்தக் காசு யார் கைக்குப் போனது என்று பார்க்க வேண்டும்.

6 பிப்ரவரி, வியாழன்
"யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இன்டர்வெல்லில் எங்கே உட்கார்ந்தே? பக்கத்தில் யாரு?" என்று கேட்கலாம். காரில் போகும்போது கேட்பது நல்லது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பிள்ளை பேசும்.

"நீயும் திருப்பி அடி" என்பது நம் அப்பாக்களுக்கு வாய்ப்பாடம். ஆசிரியர் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது அடிதான், தண்டனை நம் பிள்ளைக்கு. "கண்டுக்காதே" என்றால் 'இனி என்னிடம் சொல்லாதே' என்று பிள்ளை புரிந்துகொள்ளும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யவும் கூடாது. பள்ளியிடம் பேசியே ஆக வேண்டியிருக்கும்.

13 பிப்ரவரி, வியாழன்
செவ்வாயன்று தைப்பூசம். மொட்டைத் தலையும் காப்புக் கயிறுமாகப் போன பிள்ளைகளுக்குக் கேலி வரும் வாரம் இது. "கயிற்றைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று பள்ளி சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். டர்பன் மாணவி ஒருத்தியின் மூக்குத்திக்காக அவள் அம்மா தொடுத்த வழக்கில், பள்ளி விலக்கு தர மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்த வேண்டியது கேலி செய்பவனை.

17 பிப்ரவரி, திங்கள்
இன்றைய குறிப்பு நீளம், ஏனென்றால் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பள்ளி வாசல் கேட்டில் போய் அடுத்த பிள்ளையின் அம்மாவிடம் கத்தினால் அன்றோடு அது இரண்டு குடும்பச் சண்டை, பள்ளி கைகழுவிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே (வசவானாலும்), பார்த்தவர் யார், எந்த ஆசிரியருக்குத் தெரியும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும், ஓரத்தை வெட்டக் கூடாது. அதைப் பெற்றோர் குரூப்பில் போட்டால் நம் மீதே புகார் வரும்.

பிறகு வகுப்பாசிரியருக்கு ஒரே பக்கத்தில் ஈமெயில். பதில் வராவிட்டால் பிரின்சிபால், அதற்கும் மேல் பள்ளி நிர்வாகக் குழு. 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டப்படி நடத்தை விதிகளை வகுப்பது அந்தக் குழுதான்; பிரதி கேளுங்கள். "அவனைத் தண்டியுங்கள்" என்று எழுதுவதைவிட, இருக்கையை மாற்றுவது, எந்த மூலையில் இன்டர்வெல் கண்காணிப்பு வேண்டும் என்பது, யார் எப்போது பதில் தருவார் என்பது என மூன்றைக் கேட்பது பலன் தரும். டிரான்ஸ்போர்ட் வேனில் நடப்பதைப் பள்ளி தன் பொறுப்பில்லை என்று சொல்லக்கூடும். டிரைவரிடம் முன் இருக்கை கேட்டு வாங்குங்கள்.

இருவரையும் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்வதை மட்டும் மறுத்துவிடுங்கள். பயந்த பிள்ளை எதிரில் இருப்பவன் முன் உண்மை சொல்லாது. வெளியே வந்ததும் அதற்கும் சேர்த்து அடி வாங்கும்.

24 பிப்ரவரி, திங்கள்
சீண்டுவது நம் பிள்ளையாகவும் இருக்கலாம். "என் பிள்ளை அப்படி இல்லை" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. போனைப் பிடுங்கி அடிப்பதைவிட, பறித்த காசை அவன் கைச்செலவிலிருந்தே திருப்பித் தரவைப்பது உறைக்கும்.

பள்ளி அசையாவிட்டால், 2011ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை, பிள்ளை தானே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆணையை மீறுவது குற்றம். ஆனால் 12 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் மீது குற்ற வழக்கு நிற்காது, அங்கே பள்ளியைத்தான் நெருக்க வேண்டும். பெற்றோரிடம் வாய் திறக்காத பிள்ளைக்கு, பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைன் 116, இலவச அழைப்பு. எண்ணை நோட்டின் பின்னட்டையில் எழுதிக் கொடுங்கள்.