‘மக்லுமான்’ என்று எழுதிவிட்டால் லோங்காங் வராது: மன்ற உறுப்பினராக என் முதல் தவணை

இரண்டாம் தவணைக்கான நியமனக் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முன் ஏழு வாரம், நான் இன்னும் ஊராட்சி மன்ற உறுப்பினர்தானா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பழைய கடிதம் டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் குப்பை லோரி வரவில்லையென்றால் தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் இருப்பவர்கள் எனக்குத்தான் போன் போட்டார்கள். இந்த வருடம் பெயர் கொடுக்கப்போகும் பெண்கள் நான் அலைந்த அலைச்சலைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எங்களுடையது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஓர் எஸ்டேட் டவுன். கடைத்தெரு, நான்கைந்து தாமான், சுற்றிலும் செம்பனை. மற்ற மாநிலங்களில் சில நடைமுறைகள் மாறும்.

ஓட்டு, பிரசாரம் எதுவும் கிடையாது என்பது தெரிந்ததுதான். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அப்போது ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே மன்றத்தில் இருக்கவேண்டும் என்று அந்த ஆணையம் சொன்னது. ஆனால் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, நியமன முறையையே நிலைநாட்டியது. தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள். ஒரு தவணை 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, மறுநியமனம் உண்டு. சட்டம் 3 ஆண்டு வரை இடம் கொடுத்தாலும் என் கடிதம் ஓர் ஆண்டுக்குத்தான். எத்தனை மாதம் கையில் இருக்கிறது என்பதைக் கடிதம் வந்த அன்றே எண்ணிவிடுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

கட்சிக் கிளையிலிருந்து தொகுதி, தொகுதியிலிருந்து மாநிலம் என்று பெயர் போன கதை இங்கே வேண்டாம். நியமனத்துக்கான பாரத்துக்கு வருகிறேன். அங்கே மாட்டியது என் பெயரே. அடையாளக் கார்டில் என் பெயருக்கு நடுவே ‘எச்’ என்றொரு எழுத்து இருக்கிறது, எஸ்.பி.எம். பள்ளித் தேர்வுச் சான்றிதழில் இல்லை. தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்கு இந்தக் கோளாறு உண்டு. பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். பின்னணிச் சோதனைக்குப் போகும் பாரத்தில் இரண்டு பெயர் இருந்தால் அது நகராது. கவுண்டரில் இருந்த கிராணி என்ன குறை என்று சொல்லாமல், “தாக் லெங்காப்” (முழுமையாக இல்லை) என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஈப்போவுக்குப் போய்வந்த ஒரு நாள் வீண்.

இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று இருந்தால் போதும். மூன்று அசல் பிரதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோஸ்டேட்டை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. கல்யாணமாகி வந்தவர்கள் முகவரியையும் பாருங்கள். வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. கார்டில் இன்னும் அம்மா வீட்டு லயம் இருந்தால் எந்த வட்டாரத்துக்காரர் என்ற கேள்வி வரும். முன்பு உறவுக்காரர் கார் கடனுக்கோ படிப்புக் கடனுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், திவால் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே முதலில் தேடிப் பாருங்கள். இப்படிப்பட்ட ஜாமீன்தாரரைத் திவாலாக்க முடியாது என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது; ஆனால் அதற்கு முன் அவர் கட்டாமல் விட்டது உங்களுக்குச் சொல்லாமலே உங்கள் பெயரில் வந்து நின்றிருக்கலாம்.

உறுதிமொழி எடுத்தது, படம் பிடித்தது எல்லாம் ஒரு காலைப் பொழுதில் முடிந்தது.

அடுத்த அடி குழுப் பட்டியல். பெண்கள் என்றால் சமூக மேம்பாடு, மகளிர், விழா ஏற்பாடு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அவை தேவையான குழுக்கள்தான். ஆனால் எஸ்டேட் டவுனில் நம் மக்களின் தலையெழுத்து தீர்மானமாவது அடிப்படை வசதிக் குழுவிலும் ஓ.எஸ்.சி. எனும் ஓரிடச் சேவைக் குழுவிலும். தோட்டத்தைத் துண்டாக்கி வீடமைப்பு கட்டும் விண்ணப்பம் அங்கேதான் வருகிறது. லேயவுட் பிளானில் நான்கைப் பார்ப்பேன். மழைத்தண்ணீர் எங்கே போய் விழுகிறது, பழைய லயத்துக்குப் போகும் பாதை அடைபடுகிறதா, கோவிலும் தமிழ்ப்பள்ளியும் இருக்கும் இடம் என்ன நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது, சுடுகாட்டுக்கு வழி இருக்கிறதா. உள்ளூர்த் திட்டம் கெஜட் ஆகாத, அதாவது அரசிதழில் வெளியாகாத இடத்தில், பக்கத்து நில உரிமையாளருக்கு நோட்டீஸ் போகவேண்டும். அவர் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். ஐம்பது வருடம் லயத்தில் வாழ்ந்தவருக்கு அந்த நோட்டீஸ் வராது, நிலம் அவர் பெயரில் இல்லை. திட்டம் கெஜட் ஆகிவிட்ட இடத்தில் யாருக்குமே வராது. அதனால் அந்தக் குழுவில் நம்மில் ஒருவர் உட்கார்ந்திருப்பது மிக மிக முக்கியம். முதல் கூட்டத்துக்கு முன்பே எந்தக் குழு வேண்டும், ஏன் என்று தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். கூட்டத்தில் எழுந்து கேட்டால் பட்டியல் ஏற்கனவே அச்சாகியிருக்கும். எனக்கு அடிப்படை வசதிக் குழு கிடைத்தது. ஓ.எஸ்.சி. இந்தத் தவணையில்தான்.

இனி லோங்காங், அதாவது வடிகால் விஷயம். என் ஒரு வருடத்தில் பாதியை விழுங்கியது அதுதான்.

ஒரு தாமானின் பின்வரிசை வீடுகளுக்கும் செம்பனை எல்லைக்கும் நடுவே 140 மீட்டர் மண் கால்வாய். அரைமணி நேரம் மழை பெய்தால் சமையலறைக்குள் தண்ணீர். இரண்டாவது மாத முழுக் கூட்டத்தில், கடைசி அங்கமான ‘ஹால்-ஹால் லாயின்’ (பிற விஷயங்கள்) பகுதியில் எழுந்து சொன்னேன். தலையாட்டினார்கள், எழுதிக்கொண்டார்கள், நானும் நம்பிவிட்டேன். மினிட், அதாவது கூட்டக் குறிப்பின் வரைவு வந்தபோது என் பேச்சு ஒழுங்காகப் பதிவாகியிருந்ததைப் பார்த்துத் திருப்தியோடு மூடிவைத்தேன். பார்க்கவேண்டிய இடம் அதுவல்ல. மினிட்டின் வலது ஓரத்தில் ஒரு குறுகிய பத்தி இருக்கும். அதில் ‘திண்டாக்கான்’ என்று போட்டு ஒரு பிரிவின் பெயர் இருந்தால் அந்தப் பிரிவு அடுத்த மாதம் பதில் சொல்லியாகவேண்டும். ‘மக்லுமான்’ என்று இருந்தால் அது வெறும் தகவல், யாருக்கும் வேலை இல்லை. என் 140 மீட்டருக்கு நேரே ‘மக்லுமான்’ என்று இருந்தது. அடுத்த கூட்டத்தில் மினிட்டை உறுதிப்படுத்தும்போது திருத்தம் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாததால் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் போனது. அதற்குள் இரண்டு முறை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே, வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மன்றத்தின் கூட்ட விதிகளில் தீர்மானத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருக்கும். அந்தக் கணக்குப்படி எழுத்தில் கொடுங்கள். லோட் எண், எங்கிருந்து எங்குவரை, எத்தனை மீட்டர், அளவு நாடா தெரியும்படி இரண்டு படம், மக்கள் கொடுத்த புகாரின் பதிவு எண். கடைசி வரியில் ‘திண்டாக்கான்: பொறியியல் பிரிவு’ என்று நீங்களே எழுதிவிடுங்கள். ஒருமுறை அப்படிப் பதிவாகிவிட்டால், முடியும்வரை ஒவ்வொரு மாதமும் ‘பெர்காரா பெர்பங்கிட்’ எனும், முந்தைய மினிட்டிலிருந்து எழும் விஷயங்கள் பகுதியில் அது தானாகவே வந்து நிற்கும். முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அந்த வரிசை வீட்டு அம்மாக்கள் நால்வர் வந்து பின்னால் உட்கார்ந்திருந்த மாதத்தில்தான் இடத்தைப் பார்வையிடத் தேதியே கிடைத்தது. குழுக் கூட்டங்களுக்கு அந்த அனுமதி இல்லை, அங்கே யாரையும் அழைத்துப் போகாதீர்கள்.

பார்வையிடும் நாளில் குத்தகையாளர் எல்லாவற்றையும் என் பக்கத்தில் நின்ற குடியிருப்பாளர் குழுச் செயலாளரிடமே விளக்கிக்கொண்டிருந்தார், அவர் ஆண் என்பதால். பிளானை நான் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டேன். வருகைத் தாளில் முதல் கையெழுத்தும் நானே போட்டேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். இனி எல்லா இடத்துக்கும் அப்படித்தான் போவேன்.

அளந்து பார்த்ததில் மேல்பகுதி 90 மீட்டர் மன்றத்தின் ஒதுக்கு நிலம். தண்ணீர் வெளியேறும் கீழ்ப்பகுதி 50 மீட்டர் தோட்டத்தின் நிலம். உரிமையாளர் அனுமதி இல்லாமல் தனியார் நிலத்தில் மன்றம் பணம் செலவழிக்க முடியாது. எஸ்டேட் டவுனில் பெரும்பாலான வாக்குறுதிகள் கவிழ்வது இந்த ஒரு விஷயத்தில்தான். தோட்டத்துச் சாலைக்குத் தார் போட்டுத் தருகிறேன் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். பொதுச் சாலையாகப் பதிவாகாத சாலைக்குப் பராமரிப்பு மானியமும் வராது. முதலில் நிலம் யாருடையது என்று நில அலுவலகத்தில் தேடுங்கள். நான் லோட் எண்ணை மட்டும் கொண்டுபோய் ஒரு நாளை வீணாக்கினேன். ஒரே எண் பக்கத்து முக்கிமிலும் (மாவட்டத்தின் உட்பிரிவு) இருக்கும். லோட் எண், முக்கிம் பெயர், பட்டா வகையும் எண்ணும், மூன்றும் வேண்டும். வீடுகளுக்கு மதிப்பீட்டு வரிப் பில்லிலிருந்து தொடங்கலாம். தோட்ட நிலத்துக்கு அளவைப் படத்தைப் பார்க்கவேண்டும்.

தோட்ட மேனேஜர் நல்ல மனிதர், உடனே சரி என்றார். ஆனால் அவர் கையெழுத்து செல்லாது. நிலம் கம்பெனி பெயரில். அனுமதிக் கடிதம் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்துதான் வரவேண்டும். வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் “90 மீட்டரையாவது இப்போதே கட்டிவிடலாமே” என்று பலர் நெருக்கினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேலே 600 மில்லிமீட்டர் சிமெண்டுக் கால்வாய் போட்டால் தண்ணீர் வேகமாக இறங்கும். கீழே மண் கால்வாய் தாங்காது, எல்லையோரத்தில் இருக்கும் ஆறு லயத்து வீடுகளுக்குள் புகும். லோங்காங்கை வெளியேறும் வாயிலிருந்து மேல்நோக்கித்தான் கட்டவேண்டும். படம் பிடிக்க வசதி என்று மேலிருந்து தொடங்கிய வேலைகளை நம் வட்டாரங்களில் பார்த்திருக்கிறோம்.

மற்ற புகார்களிலும் ‘யாருடையது’ என்பதுதான் முதல் கேள்வி. தெருவிளக்கு என்றால் கம்பத்தில் அடித்திருக்கும் தகட்டு எண்ணைக் கேளுங்கள். “கோவில் பக்கத்துக் கம்பம்” என்று எழுதினால் ஆள் வந்து தேடிவிட்டுப் போய்விடுவார். தோட்டக் கேட்டுக்கு உள்ளே இருக்கும் விளக்கு தோட்டத்தின் மீட்டரில் ஓடும். குப்பை இங்கே பேராக்கில் மன்றத்தின் பொறுப்பு. ஜொகூர், நெகிரி செம்பிலான், கெடா போன்ற, குப்பை நிர்வாகத்துக்கான சட்டம் 672-ஐ ஏற்ற மாநிலங்களில் 2011 செப்டம்பரிலிருந்து அது எஸ்.டபிள்யூ. கார்ப் எனும் மத்திய அரசு நிறுவனத்தின் வசம், மன்றத்தில் புகார் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். லயத்து வீட்டின் கூரை, தண்ணீர், குப்பை முதலாளியின் கடமை என்கிறது தொழிலாளர் குடியிருப்புக்கான சட்டம் 446. அதற்குப் போகவேண்டிய இடம் தொழிலாளர் அலுவலகம்.

கணவரோ அண்ணன் தம்பியோ பசார் மாலாமில் (இரவுச் சந்தை) கடை போடுகிறார் என்றால், அவர்கள் லைசன்ஸ் கூட்டத்துக்கு வரும்போது உறவைச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுங்கள். வெளியேறிய நேரத்தை மினிட்டில் பதியச் சொல்லுங்கள். பெண்ணுக்கு எதிராக முதலில் கிளப்பப்படும் பேச்சு இதுதான். பதிவு ஒன்று இருந்தால் அது அன்றே அடங்கும்.

கடைசியாக மறுநியமனம். வருகைக் கணக்கு, கொடுத்த தீர்மானங்கள், முடிந்தவை, முடியாதவை, முன்னும் பின்னும் எடுத்த படம் என இரண்டு பக்க அறிக்கை தயாரித்து அக்டோபரிலேயே தொகுதிக்கும், ஊராட்சித் துறை ஆட்சிக்குழு உறுப்பினர் அலுவலகத்துக்கும், மன்றத் தலைவருக்கும் கொடுங்கள். நான் டிசம்பர் நடுவில் கொடுத்தேன். அதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது, என் பெயர் பிற்சேர்க்கையில்தான் வந்தது.

கடிதம் இல்லாத இடைவெளியில் உறுப்பினர் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஜனவரியில் ஓர் அம்மாவின் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தேன். அந்தத் தேதியில் நான் உறுப்பினர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரப்பர் பால்வெட்டி முழங்கால் தேய்ந்தவர், இரண்டு பஸ் மாறி இன்னொரு முறை போகவேண்டி வந்தது. அவரை நான் நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கடிதம் வாங்கித் தந்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

தோட்டத்தின் அனுமதிக் கடிதம் இப்போது கோப்பில் இருக்கிறது. புதிய தவணையின் முதல் கூட்டத்து மினிட் வரைவு நேற்று வந்தது. முதலில் வலது பத்தியைத்தான் பார்த்தேன். 140 மீட்டர், கீழிருந்து மேலாக, ‘திண்டாக்கான்: பொறியியல் பிரிவு’ என்று இருக்கிறது.