கியாவென்னா: சரிந்த பாறைகளோடு வாழும் ஊர்

மிலானிலிருந்து கோமோ ஏரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெல்லாஜியோவில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஏரியின் வடகோடியில் கோலிகோவில் ரயில் மாறினால் கொஞ்ச நேரத்தில் கியாவென்னா. ஸ்ப்லூகன், மலோயா என்ற இரண்டு ஆல்ப்ஸ் கணவாய்களுக்கும் வழி இங்கேதான் பிரிகிறது என்பதால் இந்தச் சின்ன ஊருக்கு அந்தக் காலத்தில் ஏகப்பட்ட கிராக்கி. 1176இல் புனித ரோமப் பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோசா படை உதவி கேட்டுத் தன் தாய்மாமன் மகனும் ஜெர்மன் பிரபுவுமான ‘சிங்க’ ஹென்றியின் காலில் விழுந்தது இங்கேதான் என்பார்கள். விழுந்தாரோ இல்லையோ, உதவி கிடைக்கவில்லை, அதே வருடம் லென்யானோ போரில் பேரரசர் தோற்றார்.

எனக்கு ராஜா கதையைவிட இந்த ஊர்ப் பாறைகள்தான் பிடிக்கும். எப்போதோ மலையிலிருந்து சரிந்து குவிந்த பாறைகளின் இடுக்குகளிலிருந்து வருடம் முழுக்க ஏறக்குறைய 8 டிகிரியில் காற்று வருகிறது. அந்த இடுக்குகளை அடைத்துச் சுவர் எழுப்பி, உள்ளே ஒயினும் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்தார்கள். இவைதான் க்ரோத்திகள். ஆகஸ்ட் வெயிலில் ஓட்டைக்கு நேரே கையை நீட்டினால் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி ஜில்லென்று இருக்கும். பல க்ரோத்திகள் இப்போது உணவகங்கள்.

அதே மாதிரி இன்னொரு மலைச்சரிவுதான் பக்கத்து ஊரான பியூரோவை விழுங்கியது. பட்டு வியாபாரத்திலும் மாக்கல் பாத்திரத்திலும் கொழித்த ஊர். 1618 செப்டம்பரில் ஒரு மாலை மொத்த ஊரும் மண்ணுக்குள் போய்விட்டது, சுமார் ஆயிரம் பேர். கல் வெட்டி வெட்டி மலையை பலவீனமாக்கியதும் ஒரு காரணம் என்கிறார்கள். மேட்டில் தனியாக நின்ற வெர்தெமாத்தே ஃபிராங்கி மாளிகை மட்டும் தப்பித்தது, அதன் மர வேலைப்பாட்டுக் கூரைகளுக்காகவே போகலாம். மாக்கல் வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க, கியாவென்னாவின் சான் லொரென்சோ தேவாலயத்தில் 1156இல் ஒரே கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது.

நடக்கிறவர்களுக்கு அக்குவாஃபிராஜா அருவி. லியொனார்தோ டா வின்சி குறிப்பெழுதி வைத்த அருவி, ஆனாலும் கோமோ அளவுக்குக் கூட்டம் கிடையாது. அங்கிருந்து சவோஞோ கிராமத்துக்கு 2,800க்கும் மேற்பட்ட கல்படிகள், மேலே கார் போகும் ரோடே இல்லை, அதனால் முட்டி வலி இருந்தால் அருவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சைக்கிள்காரர்கள் பள்ளத்தாக்கு நெடுக ஏரி வரை தனிப் பாதையில் ஓட்டலாம். முடிந்தால் செப்டம்பரில் போங்கள், க்ரோத்தித் திருவிழா அப்போதுதான். தங்க இடத்தை மட்டும் முன்னாடியே பிடித்துவிடுங்கள்.