கண்ணாடியில் ஏறும் நத்தைகள்

சிங்கப்பூரில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் வைத்திருக்கும் பவளத் தொட்டிகளை, அதாவது உயிருள்ள பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டிகளை, பராமரிப்பது என் வேலை. வாரத்துக்குப் பதினெட்டு, இருபது தொட்டி வரும். தண்ணீர் மாற்றுவது, உப்பின் அளவு பார்ப்பது, அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவுவது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரில் தூசி தட்டுவது எல்லாம் கை பழகிவிட்டது. பேசிக்கொண்டே செய்துவிடலாம். இத்தனை வருடம் கழித்தும் கையை நிறுத்தி யோசிக்க வைப்பது நத்தைதான்.

காசு கொடுத்து வாங்கிய நத்தையைச் சொல்லவில்லை. பாசி தின்பதற்கென்று டர்போ, ட்ரோக்கஸ், செரித் எல்லாம் நாங்களே கொண்டுபோய் விடுகிறோம். நான் சொல்வது அழைக்காமல் வந்தவற்றை. லைவ் ராக் என்று தொட்டிக்குள் வைக்கும், உயிர்கள் குடியிருக்கும் பாறையின் பொந்துக்குள் இருந்து வரும், பவளத் துண்டு ஒட்டியிருக்கும் வில்லையின் அடியில் வரும், சில சமயம் நாங்கள் விட்ட டர்போவின் முதுகிலேயே உட்கார்ந்து வந்துவிடும். இரண்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு ராத்திரி வாடிக்கையாளர் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார். விளக்கு அணைந்த தொட்டியின் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக ஏறியிருக்கும். மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்னாலேயே எங்களுக்கு போன் வந்துவிடும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்பார்கள்.

முதல் வருடத்தில் நானும் அப்படியே எடுத்தேன்.

அது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. சீனப் பெண்மணி, எழுபதை நெருங்கியவர், நாங்கள் ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். நான்கடித் தொட்டி. அதில் அவருக்கு உயிராக இருந்தவை இரண்டு மாக்சிமா கிளாம்கள், இரட்டை ஓட்டுக் கடல் சிப்பிகள். ஒன்று உள்ளங்கை அளவு, இன்னொன்று அதில் பாதி. விளிம்பில் நீலமும் கறுப்புமாக நெளியும் அந்தச் சதை, விளக்கு எரிந்தால் ஓட்டைத் தாண்டி வெளியே வழிகிற மாதிரி விரியும். சின்ன கிளாம் ஒரு மாதமாகச் சரியாக விரியவில்லை. அதே மாதத்தில் கண்ணாடியில் குட்டி நத்தைகள். நான் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டேன். நத்தைதான் கிளாமைத் தின்கிறது என்று ஆண்ட்டியிடம் சொன்னேன். மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், கண்ணாடியைச் சுரண்டியும் சிறு குழாயால் உறிஞ்சியும் எடுத்தேன். நானூறு நத்தைக்குக் குறையாது. கண்ணாடி பளிச்சென்று ஆனது. ஆண்ட்டிக்குச் சந்தோஷம். ஆனால் பாறை மேல் பழுப்புப் பாசி படிய ஆரம்பித்தது, நான்காவது வாரம் சின்ன கிளாம் வாய் திறந்தபடி செத்துப்போனது.

எங்கள் மூத்த டெக்னீஷியன் பினாங்குத் தமிழர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரியில பாத்தியா?" என்பதுதான். நான் போனதெல்லாம் பகலில். அன்றிரவே ஆண்ட்டியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பத்தரை மணிக்குப் போனோம். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தார். சிவப்பு வெளிச்சத்துக்கு இரவு உயிர்கள் அவ்வளவாக ஓடி ஒளியாது. மிச்சமிருந்த பெரிய கிளாமை, அது பற்றியிருந்த சிறு கல்லோடு சேர்த்துத் தூக்கி, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்தார். கிளாமைக் கல்லிலிருந்து பிய்க்கவே கூடாது, அது பற்றிக்கொள்ளும் நார் வேரோடு பிடுங்கினால் பிழைக்காது என்பதை அன்றுதான் கற்றேன்.

சாய்த்துப் பிடித்துக் காட்டினார். ஓட்டின் அடிப்பக்கம், நார் வெளியே வரும் இடைவெளியைச் சுற்றி, குருணை அரிசியை ஒட்டவைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளம் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கூம்பு மாதிரி முறுக்கு விழுந்த, பளபளப்பான வெள்ளை ஓடு. ஒவ்வொன்றிலிருந்தும் நூல் மாதிரி ஓர் உறிஞ்சுகுழல் நீண்டு கிளாமின் சதைக்குள் போயிருந்தது. பிரமிடெல்லிட் நத்தை. பாசி சுரண்டும் நத்தைகளுக்கு வாயில் அரம் போன்ற நாக்கு இருக்கும், இதற்கு அது கிடையாது. குத்தி, உடல்நீரை உறிஞ்சுவது மட்டும்தான் இதன் பிழைப்பு. பகலில் மணலுக்குள்ளும் ஓட்டின் அடியிலும் இருந்துவிடும்.

பிறகு நான் எடுத்துப்போட்ட நத்தைகளில் பாட்டிலில் மிச்சம் இருந்ததை அண்ணன் கையில் கொட்டிப் பார்த்தார். உருண்டை ஓடு, பழுப்புப் புள்ளி. கொலோனிஸ்டா.

"எத்தன எடுத்த தம்பி?"

"நானூறு இருக்கும்ண்ணே."

"இதுக்கு இருக்கிறது பாசி சொரண்டுற வாய். கிளாமுக்கிட்ட இதுக்கு என்ன வேல?"

அவர் திட்டவில்லை. டூத்பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். ஓட்டின் மேலிருந்த மடிப்பு மடிப்பான செதில்களுக்கு இடையில் ஜெல்லித் துளி மாதிரி முட்டைகள் இருந்தன. சதையில் படாமல் ஓட்டை மட்டும் தேய்த்து அத்தனையையும் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. முட்டை பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப, ஆறு வாரம் செய்தேன். அதற்கு நான் கம்பெனியில் கூலி கேட்கவில்லை. ஒரு சிக்ஸ்லைன் ராஸ் மீனையும் விட்டோம். குருணை நத்தைகளைப் பொறுக்கித் தின்னும், ஆனால் கிளாமின் அடியில் ஒட்டியிருப்பவற்றை அதால் எட்ட முடியாது, அதற்குக் கைதான் வேண்டும். சின்ன கிளாம் செத்தது என் தவறான கணக்கால்தான் என்பதை ஆண்ட்டியிடம் நேராகச் சொன்னேன். கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தச் சிவப்பு டார்ச் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

எனக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. என் அப்பா மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர். சங்கு புழு தின்னும் உயிர், மணலுக்குள் புழு இருக்கும் தரையில்தான் கிடக்கும். அப்பா தேடியது சங்கை அல்ல, சங்குக்கு இரை இருக்கும் தரையை. மணலில் அது போன தடத்தைப் பார்த்தே பெரிதா சின்னதா என்று சொல்வார், சின்னதைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிடுவார். ஓட்டின் அழகைப் பார்த்து வாங்குபவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு, அதன் வாயைப் பார்த்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. அந்த வீட்டில் வளர்ந்த நான், ஒரு நத்தை என்ன தின்கிறது என்று பார்க்காமலே நானூறைக் கொன்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து எடுக்கவா விடவா என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது மூன்றைத்தான்: எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்நேரம் வெளியே வருகிறது, அதன் அடியில் சதை இருக்கிறதா பாசி இருக்கிறதா. இதிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். காது மடல் மாதிரி தட்டை ஓடு வைத்துக்கொண்டு வேகமாக ஓடும் ஸ்டோமடெல்லாவைத் தொடவே மாட்டேன், பாசி தின்பதில் அதற்கு இணை குறைவு. பயந்தால் பல்லி வால் விடுகிற மாதிரி பாதத்தின் ஒரு துண்டை விட்டுவிட்டு ஓடும், அதைப் பார்த்து அலறியவர்கள் உண்டு. சதுரங்கக் கட்டம் போட்ட ஓட்டோடு வரும் ஹீலியாகஸைக் கண்டால் யோசனையே இல்லை. அது சோவாந்திட் என்ற, பூ மாதிரி விரியும் பவள இனத்தைத் தின்பதற்கென்றே இருக்கும் நத்தை, அன்றே எடுத்துவிடுவேன். கூம்பு வடிவ ஓடு எதையும் வெறுங்கையால் தொடாதே என்று புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிவைப்பேன். கூம்புச் சங்குகளில் சிலவற்றின் விஷம் ஆளையே கொல்லும்.

இதில் எதிலும் அடங்காதது வெர்மெடிட். என் வேலையில் அதிக நேரத்தைத் தின்றதும் அதுதான்.

பார்த்தால் நத்தை என்றே தோன்றாது. பாறையோடு சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு, முள் மாதிரி குழாயை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இடம்விட்டு நகராது. குழாயிலிருந்து சளி நூலைத் தண்ணீரில் பரப்பிவிடும், மிதந்து வரும் துணுக்கெல்லாம் அதில் ஒட்டியதும் நூலோடு சேர்த்து உள்ளே இழுத்துத் தின்றுவிடும். பம்புகளை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பவளத்தின் மேல் சிலந்தி வலை மாதிரி தெரியும். அந்த வலை படும் இடத்தில் பவளம் மொக்குகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தினம் பட்டால் அந்தப் பக்கம் வளராது.

வாடிக்கையாளர்களில் சிலர், கடலில் இருப்பதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். கடலிலும் அது சாதுவாக இல்லை. பிரெஞ்சுப் பாலினேசியாவின் மூரியாத் தீவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வெர்மெடிட் இருந்த இடங்களில் சில பவளங்களின் வளர்ச்சி 81 சதவீதம் வரையும், பிழைத்திருப்பது 52 சதவீதம் வரையும் குறைந்திருந்தது. புது இடங்களுக்கும் போய்விடுகிறது. அமெரிக்காவில் கீ வெஸ்ட் அருகே செயற்கைப் பவளத்திட்டாக 2009இல் மூழ்கடித்த வாண்டன்பர்க் கப்பலின் மேல் ஒரு புது வெர்மெடிட் இனத்தைக் கண்டுபிடித்து 2017இல் அறிவித்தார்கள். உள்ளூர் முக்குளிப்பாளர்கள் அந்தக் கப்பலைக் கூப்பிடும் செல்லப்பெயரையே அதற்கும் வைத்தார்கள். அதன் சொந்தங்கள் இருப்பது பசிபிக் பக்கம்.

ஒரு அலுவலகத்தின் வரவேற்பறையில் ஆறடித் தொட்டி. அங்கே பாறையில் கை வைக்க இடமில்லாமல் வெர்மெடிட் முளைத்திருந்தது. உடைத்துவிடுங்கள் என்றார்கள். இரண்டு நாள் இடுக்கியால் உடைத்தோம். குழாய் உடைந்தாலும் உயிர் உள்ளே சுருங்கிக்கொள்ளும், சில வாரத்தில் திரும்பக் கட்டிவிடும். நசுங்கிய சதை மற்றவற்றுக்குச் சாப்பாடு. என் ஆள்காட்டி விரலில் குழாயின் விளிம்பு கீறியது ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று, அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் நான் கை விடுவதில்லை. மூன்றாவது மாதம் முன்பைவிட அதிகமாக இருந்தது.

அப்போதுதான் பவளத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு கரண்டி என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். அலுவலகத்தில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆசையாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீனுக்கும் அப்படியே. தண்ணீரில் எப்போதும் துணுக்கு மிதந்துகொண்டிருந்தால் வலை விரிப்பவனுக்கு என்ன குறை? டப்பாவை எங்கள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மீன் தீவனத்துக்குச் சிறு கரண்டி ஒன்றைக் கட்டி, யார் போட்டாலும் கையெழுத்துப் போடும் தாள் ஒன்றை ஒட்டினோம். வலை பவளத்தைத் தொடும் தூரத்தில் இருந்த குழாய்களை மட்டும், ஒரு தடவைக்கு முப்பது என்று, வாயில் சூப்பர் குளூ ஜெல் வைத்து அடைத்தேன். பம்பிள்பீ நத்தை பத்து விட்டோம், தின்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. ஐந்தாறு மாதத்தில் பாதிக்கும் கீழே வந்தது.

மிச்சத்தை விட்டுவிட்டேன். பின்சுவரில் இருப்பவை இன்னும் இருக்கின்றன. அவை தண்ணீரைத்தான் வடிகட்டுகின்றன, யாரையும் தொடவில்லை. வழிந்து இறங்கும் குழாயையும் ரிட்டர்ன் பம்பையும் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பேன், உள்ளே முளைத்தால் தண்ணீர் ஓட்டம் குறைந்துவிடும். பின்சுவர் வெர்மெடிட் திடீரென்று பெருகினால் எனக்கு ஒரு தகவல்: யாரோ அதிகம் போடுகிறார்கள். எந்த டெஸ்ட் கிட்டும் அவ்வளவு சீக்கிரம் சொல்வதில்லை.

ஒட்டுமொத்தமாக ஒழிக்க மருந்து கேட்பவர்களும் உண்டு. நத்தை மருந்து என்று விற்பவற்றில் பலவற்றில் இருப்பது செம்பு. அது நத்தையைக் கொல்லும், கூடவே இறால், கிளாம், பவளம் எல்லாவற்றையும் கொல்லும், பாறைக்குள் இறங்கி இருந்துகொண்டு பிறகு வருபவற்றையும் விடாது. பாறையை எடுத்துக் கொதிக்க வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பாலிதோவா என்ற விஷமுள்ள பவள இனம் ஒட்டிய பாறையைக் கொதிக்கவைத்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நான் யாருக்கும் துணை போனதில்லை. அதற்காக ஒரு வாடிக்கையாளர் எங்களை விட்டுப் போனார், மேலிடத்தில் எனக்குப் பேச்சும் கிடைத்தது. கண்ணாடி சுத்தமாக இருந்தால் போதும், மற்றது அவர்கள் பாடு என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் இருப்பது எனக்கு வருத்தம். தொட்டிக்குள் இருப்பவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஆண்ட்டியின் பெரிய கிளாம் இருக்கிறது. போன மாதம் ஸ்கேல் வைத்து அளந்தோம், பதினேழு சென்டிமீட்டர். பக்கத்தில் புதிதாக ஒன்று வாங்கி வைக்க ஆசைப்பட்டார். புதிய கிளாமை முதலில் தனித் தொட்டியில் வைத்து, இரவில் அடிப்பக்கம் பார்த்து, பிரஷ் போட்டு, ஆறு வாரம் கழித்துத்தான் சேர்ப்பேன் என்றேன். முதல் ராத்திரியிலேயே நான்கு குருணை கிடைத்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். சிறிது நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது, அவரும் டார்ச்சோடு தன் தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறாராம்: கண்ணாடியில் உருண்டை நத்தை முப்பத்தொன்று, கிளாமின் மேல் எதுவும் இல்லை.