பிறந்த இரண்டு நாளுக்குள், ஆஸ்பத்திரி அறையிலேயே படம் எடுக்க

ஆஸ்பத்திரியில் எடுத்த குழந்தைப் படம் சரியாக வராததற்குப் பெரும்பாலும் கேமரா காரணமில்லை, தலைக்கு மேல் எரியும் டியூப் லைட்தான். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் பச்சை கலந்த மஞ்சளாகவும் விழும். பிறகு எந்த ஆப்பில் திருத்தினாலும் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். அதனால் முதலில் விளக்கை அணையுங்கள். "சிஸ்டர், பத்து நிமிஷம் லைட்டை அணைச்சுட்டு தொட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

தொட்டிலை எப்படித் திருப்புகிறோம் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கும். குழந்தையின் தலை ஜன்னல் பக்கம் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். வெளிச்சம் நெற்றியில் விழுந்து மூக்கு வழியாகத் தாடைக்கு இறங்கினால் மூக்குக்கும் கீழுதட்டுக்கும் அடியில் சின்ன நிழல் விழும்; முகம் உருண்டையாகத் தெரியும். கால் பக்கமிருந்து வந்தால் மூக்குத் துவாரங்கள்தான் முதலில் கண்ணில் படும். நேர் வெயில் என்றால் மெல்லிய திரையை இழுத்துவிடுங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம்.

பச்சை ஆபரேஷன் துணியில் சுற்றியிருந்தால் அந்தப் பச்சை அப்படியே கழுத்திலும் தாடையிலும் ஏறும். துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வெள்ளை வேட்டித் துணிக்கு ஈடான பின்னணி எதுவும் இல்லை. நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சத்தையும் அதுவே திருப்பித் தரும்.

கேமராவில் எஃப் 2.8 (லென்ஸ் திறப்பு), ஷட்டர் 1/200 விநாடி, ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்) 1600 முதல் 3200 வரை வைத்துத் தொடங்கலாம். கிட்டத்தில் எஃப் 1.8 வைத்தால் இமை துல்லியமாக இருக்கும், மூக்கு நுனி மங்கிவிடும். விளக்கை அணைக்கவே முடியாத வார்டு என்றால் ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். போனில் எடுப்பவர்கள் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, 2எக்ஸ் ஜூமில் வைத்துச் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். அந்த பியூட்டி மோடு, மூக்கின் மேல் இருக்கும் வெண்புள்ளிகள், தோளில் படிந்த பூனைமுடி, மடிப்புகளில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவுப் படலம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். சீக்கிரமே மறைந்துவிடுகிற அவற்றைத்தான் இப்போது எடுத்துவைக்க வேண்டும். ஃப்ளாஷும் வேண்டாம், தோலின் இந்த நுணுக்கமெல்லாம் அதில் தட்டையாகிவிடும்.

பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குழந்தை பெரும்பாலும் கண் திறந்து விழித்திருக்கும். பிறகு நீண்ட தூக்கம். விழித்திருக்கும் அந்த முதல் மணி நேரங்களில் குழந்தை இருக்க வேண்டிய இடம் அம்மாவின் மார்பு. படத்துக்காகத் தூக்கவோ, தொப்பியைக் கழற்றவோ கூடாது. உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். நீங்கள்தான் சுற்றி வந்து கோணம் பிடிக்க வேண்டும். குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதாவது பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம். அந்தப் பார்வையைப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். ஸ்டுடியோ படங்களில் பார்க்கும், குழந்தை கையில் தாடையை ஊன்றிய போஸ், ஆள் பிடித்துக்கொண்டு எடுத்த இரண்டு படங்களை ஒட்டியது. ஆஸ்பத்திரியில் அதை முயலவே கூடாது. கழுத்து மடிந்தால் மூச்சு தடைபடும்.

முதல் நாளில் கை கால் விரல்கள் நீலம் பாரித்திருப்பது சகஜம். உதடோ நாக்கோ நீலமாகத் தெரிந்தால் கேமராவை வைத்துவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் இருந்தால் கண்கட்டை அவிழ்க்கச் சொல்லாதீர்கள், கட்டோடு அப்படியே எடுங்கள்.

கணுக்கால் பட்டையில் அம்மா பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரும் இருக்கும். அதைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டேட்டஸில் மட்டும் போடாதீர்கள். கண் பட்டுவிடும் என்று பாட்டி தயங்கினால் பாதங்களை மட்டும் அனுப்பலாம். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பிரிண்ட் போட நினைப்பவர்களுக்கு டாகுமெண்ட்டாக அனுப்புங்கள்.